பாதி வசனம் கேட்ட தெய்வம்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் எங்களுக்கு ஒரு தெய்வம் இருந்தது. மஞ்சள் தொப்பி போட்டிருக்கும். முறுக்கு மீசை வைத்திருக்கும். ஏலக்காய் மென்றுகொண்டே வந்து முதுகுக்குப் பின்னால் நிற்கும். "தெய்வமே, டேப்ப கொஞ்சம் இறுக்கி சுத்தும்மா, லூசா கீது பாரு" என்று சொல்லும். தெய்வமே நம்மைத் தெய்வம் என்று கூப்பிட்டால் அப்புறம் நாம் யார் என்று ஆரம்பத்தில் நான் ரொம்பவே குழம்பினேன்.

காருக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுவது எங்கள் வேலை. அவர் எங்கள் லைன் லீடர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர் ஊர் பிள்ளைப்பாக்கத்தில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். மீதிப் பாதி அவருக்குச் சொந்தக்காரர்கள். எங்களைப் போல நீலத் தொப்பியில் ஆரம்பித்து, டேப் சுற்றிச் சுற்றிக் கை காய்த்து, மஞ்சள் தொப்பிக்கு வந்தவர். அடுத்தது வெள்ளைத் தொப்பி. அது சூப்பர்வைசருக்கு. அந்த வெள்ளைத் தொப்பியின் மேல் அவருக்கு இருந்த ஆசை கொஞ்சநஞ்சமில்லை. டெஸ்டிங் மெஷினின் கண்ணாடியில் மீசையைத் தடவிக்கொண்டே, மஞ்சள் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு வெள்ளைக் கர்ச்சீப்பைத் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

லைனில் நிற்காதவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். நம் இடத்தை விட்டு நாம் நகர்ந்தால் வேலை குவிந்து லைன் நின்றுவிடும். அதனால் பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். லீடர் பார்த்து ஒரு ரிலீவரை அனுப்புவார். ரிலீவர் என்றால் நமக்குப் பதிலாக வந்து நிற்கிற பெண். அவள் வந்த பிறகுதான் நாம் ஓட முடியும். மேலே எத்தனை பெரிய ஆபீசர்கள் இருந்தால் என்ன, எங்கள் அடிவயிற்றுக்கு அதிபதி அந்த மஞ்சள் தொப்பிதான்.

அது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் சொல்லுவார்: "பக்தர் கை தூக்குனா சாமி ஓடியாரணும்மா. அது ஒண்ணுதான் சாமிக்கு வேல. மத்ததெல்லாம் அலங்காரம்."

இந்தத் தெய்வப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதே ஒரு கூத்து.

அவருடைய வீட்டுக்காரம்மா படப்பையில் ஒரு கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர். இவர் போகமாட்டார். இவருக்கு வல்லக்கோட்டை முருகன்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மனைவியை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சபைக்கு வெளியே புங்கமரத்தடியில் வண்டி மேலேயே உட்கார்ந்திருப்பார். பிரசங்கம் ஸ்பீக்கரில் தெருவுக்கே கேட்கும். ஒரு ஞாயிறு, வேதத்தில் ஓரிடத்தில் கடவுள் மனிதர்களைப் பார்த்து நீங்கள் தேவர்கள் என்று சொல்லியிருக்கிறார் என்று போதகர் சொன்னது இவர் காதில் விழுந்திருக்கிறது. விழுந்ததும் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அதே நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து போன். மெஷின் மக்கர் பண்ணுகிறது, உடனே வா. மனைவியை அங்கேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். மீதிப் பிரசங்கம் புங்கமரத்துக்குத்தான் கேட்டது.

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் ஆரம்பிப்பதற்கு முன்னால் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பாதுகாப்பு உறுதிமொழி சொல்ல வைப்பார்கள். அது முடிந்ததும் இவர் தொண்டையைச் செருமினார்.

"நேத்து ஒரு விசயம் கேட்டேன். கேட்டதுலேந்து எனக்குத் தூக்கமே இல்ல. வேதத்துலயே எய்திகீதாம். நீங்கல்லாம் தேவருங்க!"

அவ்வளவுதான். வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இவர் வட தமிழ்நாட்டுக்காரர், பாவம், இவருக்கு எங்கே தெரியப்போகிறது? தெற்கே எங்கள் பக்கம் தேவர் என்றால் அது ஒரு சாதிப் பட்டம். லைனில் பாதிப் பேர் தெற்கத்தி ஆட்கள். கமுதிப் பக்கத்து முத்துப்பாண்டிக்குப் பல் அத்தனையும் தெரிந்தது. "லீடரு, ஒங்களுக்கு யாரு சொன்னா? நான் இன்னும் சர்டிபிகேட்டே குடுக்கலியே!" என்றான். அவனுக்குப் பின்வரிசையில் நின்ற ஒருவன் சிரிக்கவில்லை. "அப்ப நாங்கள்லாம் யாரு லீடரு?" என்று கேட்டான். அந்தக் குரலில் ஒரு முள் இருந்தது. ஊரில் இப்படி ஒரு வார்த்தையில் ஆரம்பித்து எது எதுவோ ஆனதைப் பார்த்தவள் நான்.

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நீயா? நீயும் தேவருதாம்பா" என்றார்.

"நானுமா?"

"பின்ன? நீ, அவன், இந்தம்மா, கேட்டாண்ட நிக்குற செக்யூரிட்டி, கேன்டீன்ல வெங்காயம் அரியுற அக்கா, அல்லாரும்தான். ஒர்த்தரக் கூட வுடல. அப்படித்தான் சொன்னாங்கோ!"

பின்வரிசைக்காரன் ஒரு நிமிடம் அவரை உற்றுப் பார்த்தான். பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முத்துப்பாண்டி மட்டும், "அல்லாரும்னா அப்பறம் அதுல என்ன லீடரு இருக்கு" என்று முணுமுணுத்தான். அதற்குள் மணி அடித்துவிட்டது. மத்தியானம் கேன்டீனில் நான்தான் அவரைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பயந்துவிட்டார் மனிதர். "அய்யய்யோ, உங்க ஊர்ல இப்படி ஒரு வெவகாரம் கீதா? மொத நாளே அடி வாங்கியிருப்பேனே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து தேவர் போய்த் தெய்வம் வந்தது. அதுவே நிலைத்துவிட்டது.

அன்றைக்கே நான் இன்னொன்றும் சொல்லப் பார்த்தேன். நான் சாயர்புரம் பக்கத்துக்காரி. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து டிபன்பாக்ஸ் பரிசு வாங்கினவள். அந்த வசனம் அதோடு முடியவில்லை என்று எனக்குத் தெரியும்.

"அண்ணே, அதுக்கு அடுத்த வசனம் ஒண்ணு இருக்கு. சொல்லட்டுமா?"

"வாணாம்."

"கேளுங்களேன், முக்கியமானது."

"வாணாம்மா தெய்வமே. அடுத்தது 'ஆனா'ன்னுதானே ஆரம்பிக்குது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"மேனேஜர் ரூமுக்கு எத்தினி வாட்டி போய் வந்துகிறேன்! 'சூப்பரா பண்றீங்க'ன்னு சொன்ன உடனே தேங்க்ஸ்னு சொல்லிட்டு வெளிய வந்துடணும். அங்கயே நின்னுகினு இருந்தா அடுத்த வார்த்த 'ஆனா'தான். மொத பாதியே எனக்குப் போதும்."

அதிலிருந்து அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் வாயைத் திறந்தாலே காதைப் பொத்திக்கொள்வார். அவர் மனைவியும், "கேக்குறதுன்னா உள்ள வந்து முழுசா கேளுய்யா, தெருவுல நின்னுகினு பாதி கேக்காத" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாராம்.

பாதி வசனத்தை வைத்துக்கொண்டு அவர் பண்ணிய அலும்பு கொஞ்சமா? ஒரு கிருத்திகைக்கு நாங்கள் நாலைந்து பேர் வல்லக்கோட்டைக்குப் போனோம். கூட்டமான கூட்டம். வரிசை நகரவே இல்லை. பார்த்தால் முன்னால் அவர், கோயிலிலும் மஞ்சள் தொப்பியோடு. வரிசையை ஒழுங்குபடுத்துகிறவரிடம், "கொஞ்சம் உள்ள வுடுங்க சார், நானும் ஸ்டாஃப்புதான்" என்றார். அந்த ஆள், "எந்த டிபார்ட்மென்ட்டு?" என்று கேட்க, இவர் சன்னதிப் பக்கம் கையைக் காட்டி, "அவரு டிபார்ட்மென்ட்டுதான்" என்றார். அந்த ஆள் இவரை வரிசையின் கடைசிக்கே அனுப்பிவிட்டார். எங்களைத் தாண்டிப் போகும்போது, "பாத்தியா, தெய்வத்துக்கே இங்க மரியாத இல்ல" என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தெய்வத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னதாக ஆகும். யார் மேலாவது கோபம் வந்தால் அவருக்கு அந்த ஆளின் கை கண்ணில் படாது. தூக்கின கையைத் தாண்டி, கூரையில் ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஒரு தடவை வெள்ளைக் கர்ச்சீப் கதையை நான் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு என் கை வெகு நேரம் மேலேயே நின்றது. முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு டேப் சுற்றினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் அவரே வந்து என் இடத்தில் நின்று, "போ போ" என்றார். திரும்பி வந்து, "இதுதான் சாமி பண்ணுற வேலையாண்ணே?" என்று கேட்டேன். ஏலக்காயை மட்டும் நீட்டினார். நான் வாங்கவில்லை. எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கோபம் வரும்.

பிறகு இசக்கி விஷயம் வந்தது.

இசக்கி எனக்குப் பக்கத்து இடத்தில் நின்ற பெண். திசையன்விளைக்காரி. ஹாஸ்டலிலும் என் அறைதான். அவள் சேர்ந்த அன்று, இசக்கி என்றால் எங்கள் பக்கத்து அம்மன் என்று நான் சொன்னதும் இவர், "பாத்தியா, உனுக்குப் பேரே தெய்வம்!" என்று குதித்தார். அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றுகிறார். இந்த வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. காண்ட்ராக்ட் வேலை, போ என்றால் போக வேண்டியதுதான்.

அன்றைக்குக் காலை வெளிநாட்டு விருந்தாளிகள் லைனைப் பார்க்க வருவதாக இருந்தது. வாசலில் பூத்தட்டோடு வரவேற்க இரண்டு பெண்கள் வேண்டும் என்றார் மேனேஜர். இவருக்கு அந்த மாதம் வெள்ளைத் தொப்பி வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் மேனேஜர் சொல்லி முடிப்பதற்குள் தலையை ஆட்டிவிட்டு, எங்கள் ரிலீவர் இரண்டு பேரையுமே பட்டுப்புடவை கட்ட வைத்து அனுப்பிவிட்டார். லைனில் மாற்றி விட ஆளே இல்லை.

இசக்கிக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை. மாதாந்திர வலி. கையைத் தூக்கினாள். அவர் பார்த்தார். 'இரு இரு' என்று கையைக் காட்டிவிட்டு வாசலைப் பார்த்து ஓடினார். அவள் நின்றாள். முகம் வெளுத்துவிட்டது. "யக்கா, என்னால நிக்க முடியலக்கா" என்றாள். நான் ஒரு கையால் அவள் வேலையையும் சேர்த்துச் செய்யப் பார்த்தேன். முடிகிற காரியமா? திரும்பவும் கையைத் தூக்கினாள். பார்க்க ஆள் இல்லை. கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். வயர் குவிந்தது. லைன் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்து சங்கு ஊதியது. சரியாக அந்த நேரத்தில்தான் விருந்தாளிகள் கழுத்தில் மாலையோடு உள்ளே வந்தார்கள்.

விருந்தாளிகள் போனதும் மேனேஜர் கத்தின கத்தில் கேன்டீன் வரைக்கும் அதிர்ந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் விசாரணை. லீடர் வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: அந்தப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் இடத்தை விட்டுப் போனாள். சொன்னால் நாளையிலிருந்து இசக்கி வர வேண்டாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். தட்டில் சாம்பார் சாதம் அப்படியே இருந்தது. தெய்வமே என்று கூப்பிடவில்லை.

"அந்த அடுத்த வசனத்த சொல்லு" என்றார்.

எனக்கு நம்பவே முடியவில்லை. "நெசமாத்தான் கேக்கியளா?"

"சொல்லும்மா."

சொன்னேன். "நீங்க தேவருங்கதான். ஆனாலும் மத்த மனுசரு மாதிரிதான் செத்துப்போவீங்க. இதான்ணே அடுத்தது."

"இவ்ளோதானா? இதுக்கா இத்தினி நாள் பயந்தேன்? சாவுறதுதான் தெரிஞ்ச கதையாச்சே."

"அதுக்கு முன்னாடியும் இருக்குண்ணே. அது பாராட்டே கிடையாது. நியாயம் சொல்லுத எடத்துல ஒக்காந்திருக்கவங்களப் பாத்து கடவுள் கோவமாப் பேசுதாரு. என் வேலையத்தான உங்க கையில குடுத்தேன், எத்தன நாளைக்குப் பெரிய மனுசன் மொகத்தப் பாத்துத் தீர்ப்பு சொல்லுவீங்க, ஏழைக்கும் திக்கத்த பிள்ளைக்கும் நியாயம் செய்ய மாட்டீங்களான்னு கேக்குதாரு. கேட்டுட்டுத்தான் இதச் சொல்லுதாரு. எங்க டீச்சரு அப்படித்தான் சொல்லித் தந்தாவ."

அவர் வாய் திறந்தபடி இருந்தது.

"அடப்பாவி! மெமோவா இது? நான் இத்தினி நாளா ப்ரமோஷன்னு நெனச்சிகினு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேனேம்மா!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, "திக்கத்த பிள்ளன்னா?" என்று கேட்டார்.

"கேக்க நாதியில்லாத பிள்ள. அப்பன் ஆத்தா இல்லாதது."

"இசக்கிக்கு அப்பா கீறாரா?"

"இல்ல."

சாதத்தைப் பிசைந்தார். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கர்ச்சீப்பைத் தலையில் வைத்துப் பார்த்த ஆளாயிற்றே.

விசாரணை அறையில் மேனேஜர், எச்.ஆர். மேடம், இவர், இசக்கி. பக்கத்து இடத்துக்காரி என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இசக்கி துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான், "சார், அவ கை தூக்குனா சார், நான் பாத்தேன்" என்று ஆரம்பித்தேன். "உன்ன இன்னும் கேக்கல" என்று மேனேஜர் என் வாயை அடைத்தார். இவர் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க. உங்ககிட்ட சொல்லாமத்தானே போனா?"

இவர் மீசையைத் தடவினார். ஏலக்காயை வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"இல்ல சார். அந்தப் பொண்ணு கை தூக்குச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுப் போய்ட்டேன். ரிலீவர் ரெண்டு பேரையும் பூத்தட்டு தூக்க அனுப்புனது நான்தான். நீங்க ரெண்டு பொண்ணுங்க வேணும்னுதான் கேட்டீங்க. எங்கேந்துன்னு கேக்கல. லைன் நின்னது என்னாலதான்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "யோசிச்சுப் பேசுங்க. சூப்பரா வேல பண்றவரு நீங்க. இந்த மாசம் உங்க தலையில வெள்ளத் தொப்பி. ஆனா..."

"தெரியும் சார்" என்றார் இவர். "ஆனா வரும்னு தெரியும். எந்தக் கலர் தொப்பியா இருந்தா இன்னா சார், கீழ கீறது செத்துப்போற தலதானே."

எச்.ஆர். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினார். மேனேஜர் சிரிக்கவில்லை. இசக்கி அப்போதுதான் முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அந்த ஆளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது.

வெளியே வந்ததும் அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். "தண்ணி கீதா?" என்று கேட்டார். என் பாட்டிலைக் கொடுத்தேன். பாதியைக் குடித்து மீதியை முகத்தில் ஊற்றிக்கொண்டார். "தெய்வமா இருக்கறது இவ்ளோ கஷ்டம்னு தெரிஞ்சிருந்தா அந்த வசனம் காதுல வுழறதுக்கு முன்னாடியே ஊட்டுக்குப் போயிருப்பேம்மா" என்றார். பிறகு உள்ளங்கையில் வைத்திருந்த அந்த ஏலக்காயைத் திரும்ப வாயில் போட்டுக்கொண்டு நடந்தார்.

இசக்கிக்கு வேலை போகவில்லை. அவருக்கு வெள்ளைத் தொப்பி வரவில்லை. இருந்த மஞ்சளும் போனது. பழையபடி நீலத் தொப்பியோடு லைனில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள், எனக்கு எதிர்ப்பக்கம். வேறொருவர் லீடராக வந்தார். பூத்தட்டு தூக்கிய ரிலீவர் பெண்களில் ஒருத்தி அதே சமயம் கல்யாணமாகிப் போய்விட, அந்த இடத்துக்கு இசக்கியைப் போட்டார்கள்.

நான் அந்த வேலையை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது அவர் எங்கே இருக்கிறாரோ தெரியாது. ஆனால் அவர் நீலத் தொப்பியோடு நின்ற முதல் வாரத்தில் ஒரு நாள் மட்டும் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. காலையிலிருந்து மனிதர் நெளிந்துகொண்டே இருந்தார். எத்தனையோ பேரின் கையைப் பார்த்தவர், தன் கையைத் தூக்க அவருக்குக் கூச்சம். நான் எதிர்ப்பக்கமிருந்து, "தூக்குங்கண்ணே, சும்மா தூக்குங்க" என்று சைகை காட்டினேன். ஒரு வழியாகக் கையை எடுத்தார். அது தோளைத் தாண்டுவதற்குள் இசக்கி லைனின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"இன்னா பக்தா, அவசரமா கீதா?" என்றாள், அவர் குரலிலேயே, திசையன்விளை ராகத்தோடு. லைனே சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. டேப்பை அவள் கையில் கொடுத்தார். "தெய்வமே" என்றார். அந்த வார்த்தையை அவர் விளையாட்டில்லாமல் சொல்லி நான் கேட்டது அன்றைக்கு ஒரு தடவைதான். சொல்லிவிட்டுப் பாத்ரூமைப் பார்த்து ஒரே ஓட்டமாக ஓடினார்.